குளிக்க மறுத்த தலைவரும் அடிக்க மறுத்த அலாரமும்

போன வாரம் மும்தாஜ் போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கல்லூரியில் தத்துவத் துறைக்கு இப்போது அவள்தான் தலைவி.

"மேடம், இந்த வருசம் கமிட்டி நேர்ல வரலையாம். கம்ப்யூட்டர்லயே வருதாவளாம். நாங்க கேமராவைத் தூக்கிக்கிட்டு வகுப்பு வகுப்பாக் காட்டணுமாம்."

பிறகு விஷயத்துக்கு வந்தாள். துறை மலருக்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டும். "பழைய கமிட்டிக் கதையை எழுதுங்க மேடம். பிள்ளைங்ககிட்ட சொன்னா நம்பவே மாட்டேங்குதுவ."

நம்ப மாட்டார்கள்தான். கம்ப்யூட்டரில் வருகிற கமிட்டிக்கு எப்படி எண்ணெய் தேய்த்துவிடுவது? எங்கள் காலத்தில் கமிட்டி என்றால் முதல் வேலை அதுதான். அதைச் சொல்வதற்கு முன்னால் ஆவுடையப்பன் சாரைச் சொல்ல வேண்டும்.

நான் கடையத்துக்காரி. சென்னைக்குப் போய் எம்.ஏ. படித்தேன், ஆய்வு செய்தேன், திரும்பி வந்தேன், தென்காசியில் வேலை கிடைத்தது. என் இளமை இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் இழுத்தால் எனக்கே தூக்கம் வரும்.

வேலையில் சேர்ந்த புதிதில், 'காய்ச்சல் காரணமாக' என்று எழுதி விடுப்புக் கேட்டேன். துறைத் தலைவரான ஆவுடையப்பன் சார் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். காய்ச்சல் தணிந்து நான் கல்லூரிக்குப் போனபோது எதிரில் உட்காரவைத்து விளக்கம் சொன்னார். "ஏம்மா, காய்ச்சல் உடம்பு சூட்டுக்குக் காரணம். லீவுக்குக் காரணம், வர வேண்டாம்னு நீ எடுத்த முடிவு. ரெண்டையும் போட்டுக் குழப்பலாமா?" அன்றிலிருந்து 'வர விருப்பமில்லை' என்று எழுதித்தான் விடுப்பு வாங்கினேன். சார் ஒரு முறைகூட மறுக்கவில்லை.

சார் நடத்திய பாடத் தாள்தான் எங்கள் துறையின் பெருமை. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இயற்கையைப் பற்றி யோசித்தவர்கள் பருப்பொருளையும் காரணத்தையும் நோக்கத்தையும் என்ன செய்தார்கள் என்பது பாடம். அதற்கு முன்னால், கல் கீழே விழுகிறது என்றால் தன் இடம் போய்ச் சேர ஆசைப்படுகிறது என்றார்கள். தீ மேலே எழும்புகிறது என்றால் அதன் வீடு மேலே இருக்கிறது என்றார்கள். பிறகு வந்தவர்கள் கல்லுக்கு ஏது ஆசை என்று கேட்டுவிட்டார்கள். பருப்பொருளுக்கு அளவு உண்டு, உருவம் உண்டு, அசைவு உண்டு. வேறு ஒன்றும் கிடையாது. ஒன்று இன்னொன்றை இடிக்கும், அது நகரும். இடிக்காவிட்டால் இருக்கிறது இருக்கிறபடியே இருக்கும், ஓடுகிறது ஓடியபடியே இருக்கும். உலகமே ஒரு பெரிய கடிகாரம்.

இதை நடத்துவதற்கு சாரிடம் ஒரு சாவி கொடுக்கிற அலாரம் கடிகாரம் இருந்தது. பின்பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருப்பார். வகுப்பில் நுழைந்ததும் பேச மாட்டார். துண்டை மேசையில் விரிப்பார், அதன்மேல் கடிகாரத்தைக் குப்புற வைப்பார், சாவியைத் திருகுவார், பாடம் முடிய கொஞ்சம் முன்னால் அடிக்கிற மாதிரி அலாரத்தை வைப்பார். பிள்ளைகள் வரிசையாக வந்து சக்கரங்களைப் பார்க்க வேண்டும். "இதுக்குள்ள ஆசை எங்கன இருக்கு, காட்டுலே," என்பார். யாராலும் காட்ட முடியாது. பாடம் ஓடும். சரியான நேரத்தில் அலாரம் அலறும்.

"இப்ப இது எதுக்கு அடிச்சிது?"

"நம்மளை எழுப்ப, சார்."

"எவம்லே அவன்? பல்லு நழுவிச்சு, சுத்தியல் அடிச்சிது. எழுப்புதது உன் நினைப்பு. கடிகாரம் அப்படி ஒண்ணும் நினைக்கல."

வருடா வருடம் இதே கேள்வி, இதே பதில், இதே அதட்டல். ஒரு நாள் பிள்ளைகளைக் காசி விசுவநாதர் கோவில் கோபுர வாசலுக்கே கூட்டிப் போனார். அங்கே காற்று ஆளைத் தள்ளும். "சாமி உள்ள கூப்பிடுதாரு சார்," என்றான் ஒருவன். "சாமி இல்லலே, செங்கோட்டைக் கணவாய்க் காத்து தள்ளுது," என்றார் சார். சொல்லிவிட்டு உள்ளே போய் அர்ச்சனை செய்துகொண்டு வந்தார்.

அந்தத் தாளில் காரணம் பற்றிய பகுதியை மட்டும் எனக்கு இரவல் கொடுத்தார். நெருப்பு பஞ்சை எரிக்கிறதா, அல்லது நெருப்புக்குப் பின்னால் பஞ்சு எரிகிறது என்பதை மட்டும்தான் நாம் பார்க்கிறோமா என்று கேட்கிற பகுதி. பஞ்சும் நெருப்பும் என்று ஆரம்பித்தாலே பையன்கள் பெண்கள் பக்கம் பார்த்துச் சிரிப்பார்கள். அதனால் சூடமும் தீக்குச்சியும் என்று மாற்றிக்கொண்டேன். தத்துவத்துக்கு என் பங்களிப்பு அவ்வளவுதான்.

இனி கமிட்டி. சில வருடங்களுக்கு ஒருமுறை மேலிடத்திலிருந்து ஆய்வுக் குழு வரும். துறைகள் ஒழுங்காக நடக்கின்றனவா, தொடரலாமா, மூடலாமா என்று பார்த்து அறிக்கை எழுதும். மற்ற ஊர்க் கல்லூரிகளுக்கு எந்த மாதத்தில் போவார்களோ, எங்களுக்குக் குற்றாலச் சாரல் அடிக்கிற ஆனியிலும் ஆடியிலும்தான் வருவார்கள். தேதி முடிவாகும் முன் குழுவிலிருந்து யாராவது போன் செய்வார்கள். எத்தனை மாணவர்கள், எத்தனை புத்தகங்கள் என்று கேட்க மாட்டார்கள். "சார், தண்ணி விழுதா?" என்பார்கள்.

சாருக்குக் குற்றாலத்தில் மாடசாமி என்று ஓர் ஆள் உண்டு. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அவரிடம் விசாரித்துத்தான் பதில் போகும். குழு வந்துவிட்டால் முறை மாறவே மாறாது. விடிவதற்குள் லாட்ஜ் வாசலில் கார். முதலில் எண்ணெய். குழுத் தலைவருக்கு மாடசாமி, உறுப்பினர்களுக்கு மாடசாமியின் தம்பி. எண்ணெய் ஊறும்வரை யாரும் கல்லூரியைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. பிறகு பதவிக்குத் தக்க அருவி. தலைவருக்குப் பேரருவி, உறுப்பினர்களுக்கு ஐந்தருவி, கூட வந்த குமாஸ்தாவுக்குப் பழைய குற்றாலம். குளித்துவிட்டு வந்ததும் சுடச்சுட இட்லி. துறையைப் பற்றிய முதல் பேச்சு இட்லிக்குப் பிறகுதான். மத்தியானம் செங்கோட்டைப் பக்கம் பரோட்டா, நாட்டுக்கோழி. புறப்படும்போது கையில் அல்வா. பெண் உறுப்பினர் வந்தால் அவர் வழுக்கி விழாமல் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்பது என் வேலை. பணி நியமன உத்தரவில் அது இல்லை.

"குற்றாலத்து அருவி யாரையும் குளிப்பாட்ட விழலலே, மேட்டுல தண்ணி, கீழ பள்ளம், அவ்வளவுதான்," என்று காலையில் வகுப்பில் சொன்ன அதே வாய், சாயங்காலம் மாடசாமிக்குப் போன் போட்டு, "நாளைக்கு நமக்காக நல்லா விழுமாடே?" என்று கேட்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருமுறை கேட்டேவிட்டேன். "சார், குளிக்கிறதுக்கும் அறிக்கைக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணுக்குப் பின்னால இன்னொண்ணு வந்தா அது காரணம் ஆயிருமா?"

"ஏம்மா, குளிச்சவன் எவனாவது நம்மளை மோசமா எழுதியிருக்கானா?"

"இல்ல சார்."

"குளிக்காம எவனாவது நல்லா எழுதியிருக்கானா?"

"குளிக்காம யாருமே போனதில்லையே சார்."

"அப்புறம் என்ன," என்றார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தத்துவத்தில் சேர ஆள் குறைந்தது. கோடை விடுமுறையில் நானும் மும்தாஜும் வாசுதேவநல்லூர்வரை வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடித்தோம். மும்தாஜ் அப்போது கௌரவ விரிவுரையாளர். வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. கௌரவமெல்லாம் பெயரோடு சரி. ஒரு வீட்டில் மோர் கொடுத்துவிட்டு அந்த வீட்டுக்காரர் கேட்டார்:

"தத்துவம் படிச்சா என்ன வேலைம்மா கிடைக்கும்?"

"எனக்குக் கிடைச்சிருக்குல்லா அண்ணாச்சி," என்றாள் மும்தாஜ்.

"பெர்மனென்டா?"

அவள் மோரைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த வீட்டிலிருந்து யாரும் சேரவில்லை.

அந்த ஆனியில் வரப்போகிற குழு எங்கள் துறையை மூடுவதா என்றே பார்க்க வருகிறது என்று முதல்வர் சொல்லி அனுப்பினார். மூடினாலும் சாருக்கும் எனக்கும் ஒன்றும் ஆகாது. நிரந்தரக்காரர்கள், நூலகத்திலோ அலுவலகத்திலோ ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள். மும்தாஜைத்தான் மறுநாளே வர வேண்டாம் என்பார்கள். கடையநல்லூரில் அவள் வாப்பா தறியை நிறுத்திப் பல நாள் ஆகியிருந்தது. வீட்டில் சம்பளம் என்று வருவது அவள் ஒருத்திக்குத்தான். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

குழுவில் இரண்டு பேர். தலைவர் ஒல்லியான மனிதர், கழுத்தில் மப்ளர். லாட்ஜ் வாசலில் சார் வழக்கம்போல, "முதல்ல ஒரு குளியல் போட்டுரலாம் சார், மாடசாமி காத்துக்கிட்டிருக்கான்," என்றார்.

"குளியலா? எனக்கு சைனஸ். சாரல் பட்டாலே ஆஸ்பத்திரிதான். நான் குளிக்க வரலை சார். கிளாஸ் நடக்குமில்ல? உக்காந்து பாக்கறேன்."

சார் முகத்தில் ரத்தமே இல்லை. வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதா? அப்படி ஒரு விபரீதம் எங்கள் கல்லூரியில் அதுவரை நடந்ததில்லை. உடன் வந்த உறுப்பினர் பாவம், தோளில் துண்டோடு நின்றார். தலைவர் குளிக்காமல் தான் மட்டும் எப்படி என்று அவரும் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். பார்த்துவிட்டாவது போகட்டும் என்று சார் காரைக் குற்றாலம் வழியாகச் சுற்றி விடச் சொன்னார். அருவி தெரிந்ததும் தலைவர் கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

வகுப்பில் சார் துண்டை விரித்தார். கடிகாரத்தைக் குப்புற வைத்தார், சாவியைத் திருகினார். தலைவர் முன் பெஞ்சில், நான் ஜன்னல் ஓரம், மும்தாஜ் கடைசி பெஞ்சில். அவளுக்கு அந்த இடம் பழக்கம். சார் அவளுக்கு ஒழுக்கவியல் போன்ற பாடத் தாள்களை மட்டும்தான் கொடுப்பார். கடிகாரத் தாளைக் கொடுத்ததில்லை. ஓய்வு நேரம் கிடைத்தால் அவள் அங்கே வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

பாடம் நன்றாகவே போனது. கல்லின் ஆசை போயிற்று, தீயின் வீடு போயிற்று, உலகம் கடிகாரம் ஆயிற்று. அலாரம் மட்டும் அடிக்கவில்லை. அடிக்க வேண்டிய நேரம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. சார் ஒன்றைச் சொல்லி நிறுத்துவார், கடிகாரத்தைப் பார்ப்பார், சொன்னதையே மறுபடி சொல்லுவார். பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள்.

தலைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "எல்லாம் சரி சார். இந்தப் பேப்பரோட நோக்கம் என்ன?"

மாணவர்களின் சிந்தனைத் திறனை வளர்ப்பது என்று எல்லாக் கல்லூரியிலும் ஒரு பதில் தயாராக இருக்கும். எங்கள் சாரிடமும் இருந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அவர் வாயில் உண்மை வந்துவிட்டது.

"அந்தக் கேள்வியைத்தான் சார் அவங்க வெளிய அனுப்பிட்டாங்க."

"யாரு?"

"பதினேழாம் நூற்றாண்டுல."

"நான் இந்த நூற்றாண்டுல அறிக்கை எழுதணுமே சார்," என்றார் தலைவர்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் எழுந்தேன். அதற்குள் மும்தாஜ் கடைசி பெஞ்சிலிருந்து நடந்து வந்தாள். சாரிடம் அனுமதிகூடக் கேட்கவில்லை.

"கடிகாரம் அடிக்கலை. ஏன் அடிக்கலைன்னு சொல்லுங்க பார்ப்போம்," என்று பிள்ளைகளைக் கேட்டாள்.

"துரு, மேடம்." "சாரல் நேரம்லா, ஈரம் ஏறியிருக்கும்." "ஸ்பிரிங் போயிட்டு." கடைசியாக ஒருவன், "அதுக்கு இஷ்டம் இல்ல மேடம்," என்றான். வகுப்பு சிரித்தது.

"துருவைப் பார்க்க முடியும். ஈரத்தைத் தொட முடியும். இஷ்டத்தை எங்கன போய்ப் பார்க்க? அந்தக் காரணத்தை விட்டுரு," என்றாள். பிறகு தலை முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, கடிகாரத்துக்குள் விட்டு, ஒட்டிக்கிடந்த சுத்தியலை நெம்பினாள். அலாரம் அலறியது. தலைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இப்ப எதனால அடிச்சிது?"

"ஊசியால, மேடம்."

"எதுக்காக அடிச்சிது?"

இஷ்டம் என்று சொன்ன அதே பையன்தான் மெதுவாகச் சொன்னான். "உங்க வேலை போகாம இருக்க, மேடம்."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. மும்தாஜ் முகம் மாறியது. ஆனாலும் குரல் மாறவில்லை.

"அது இந்தக் கடிகாரத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். கடிகாரத்துக்குத் தெரியாது. இதைத்தான் அவங்க சொன்னாங்க. சக்கரத்துக்குள்ள போய் நோக்கத்தைத் தேடாதீங்க, அது அங்கன இல்ல. நோக்கம் வச்சிருக்கிறது நாமதான். சார் இத்தனை வருசமா நடத்துன பாடம் இவ்வளவுதான்."

தலைவர் ஒரு பெரிய தும்மல் போட்டார். நன்றி சொன்னார், எழுந்து போனார். இட்லியும் வேண்டாம் என்றார். அல்வாவை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அறிக்கை வரும்வரை நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மும்தாஜ் தினமும் வந்தாள், வகுப்பெடுத்தாள், மேசை இழுப்பறையில் இருந்த தன் சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுபோனாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். ஒரு நாள் முதல்வர் கூப்பிட்டனுப்பினார். தத்துவத் துறை தொடரலாம் என்று எழுதியிருந்தார்கள்.

காரணம் என்ன என்பதில்தான் சண்டை. சாமர்த்தியமாக மழுப்பாமல் தான் உண்மையைச் சொன்னதுதான் காரணம் என்றார் சார். அல்வா என்றார் முதல்வர். பொட்டல்புதூர் தர்காவில் தான் வைத்த நேர்ச்சை என்றார் மும்தாஜின் உம்மா. கார் டிரைவர் மட்டும் பழைய கொள்கையை விடவில்லை. "கண்ணாடியை ஏத்துததுக்கு முன்னால சாரல் அவரு மேல பட்டுச்சு மேடம். நான் பின்பக்கம் பார்க்குத கண்ணாடியில பார்த்தேன். அதுவும் குளிச்ச கணக்குத்தான்." சார் இதைக் கேட்டதும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மும்தாஜ் பேசியதுதான் காரணம் என்று நான் நம்பினேன். இதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அடுத்த பருவத்தில் சார் கடிகாரத்தை ஒரு பையில் போட்டு அவளிடம் கொடுத்தார், தாளையும் கொடுத்தார். மூத்தவள் நான் இருக்க அவளுக்கா என்று எனக்கு வருத்தம்தான், மறைப்பானேன். ஆனால் அவள் நடத்தியதைக் கேட்டவள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். பிறகு அவள் ஆய்வை முடித்தாள், வேலை நிரந்தரமானது, நான் ஓய்வுபெற்றபோது துறைத் தலைவி ஆனாள்.

ஓய்வுக்குப் பிறகு மதுரையில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் அதே மப்ளர். விடுவேனா? அறிமுகம் செய்துகொண்டு நேராகவே கேட்டேன். "அன்னைக்கு எங்க துறையைத் தொடரலாம்னு எதனால சார் எழுதினீங்க?"

"எந்தக் காலேஜ்?"

சொன்னேன். கடிகாரம், ஊசி, பையன் சொன்னது எல்லாம் சொன்னேன். அவர் தயிர்சாதத்தைப் போட்டுக்கொண்டே யோசித்தார்.

"ஞாபகம் இல்லையேம்மா. அங்க ஃபால்ஸ்கூட இருக்கோ? நான் போன இடத்துல எல்லாம் தொடரலாம்னுதான் எழுதினேன். மூடணும்னா காரணம் காட்டிப் பக்கம் பக்கமா எழுதணும், அப்புறம் விளக்கம் கேப்பா, மறுபடி எழுதணும். தொடரலாம்னா ஒரு வரி."

இருக்கிறது இருக்கிறபடியே இருக்கும், வெளியிலிருந்து ஒன்று இடிக்காதவரை. சார் வருடா வருடம் நடத்தியதுதான். எங்கள் துறை பிழைத்தது அந்த விதிப்படிதான். ஊறுகாய் வாங்க மறந்து வந்து உட்கார்ந்தேன்.

இதை மும்தாஜிடம் நான் சொன்னதில்லை. தான் பேசியதால் ஒரு துறையே பிழைத்தது என்ற தைரியத்தில்தான் அவள் மேலே வந்தாள் என்று எனக்குள் ஒரு கணக்கு. அதைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். இப்போது அவளே கட்டுரை கேட்கிறாள். எழுதினால் இதையும் எழுத வேண்டும். அச்சில் பார்த்து அவள் அதிர வேண்டாம் என்று நேற்று போன் போட்டுச் சொல்லிவிட்டேன். தயிர்சாதம்வரை சொன்னேன்.

அழுவாளோ என்று பயந்தேன். சிரித்தாள்.

"மேடம், நான் அவருக்கா பேசினேன்? அவரு எழுதப்போறதை மாத்த முடியும்னு நான் நினைக்கவே இல்ல. வேலை போயிட்டுன்னே முடிவு பண்ணிட்டேன். அந்தப் பாடத்தை எத்தனை நாள் கடைசி பெஞ்சுல உக்காந்து கேட்டிருக்கேன். போறதுக்கு முன்னால ஒரு தடவையாவது நடத்திப் பார்த்துரணும்னு தோணிச்சு. அதுக்குத்தான் எந்திரிச்சேன்."

அன்றைக்கு அந்த அறையில் நாங்கள் எல்லோரும் எதையாவது காப்பாற்றத் தவித்துக்கொண்டிருந்தோம். பாடத்துக்காகப் பேசியது ஒரே ஒருத்திதான். அவளுக்குத்தான் வேலை போவதாக இருந்தது.